சிப்பித் தசையின் சுவிட்ச் எங்கே இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நம் தசையில் கால்சியம் ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்டினால்தான் சுருக்கம் தொடங்கும் என்று பள்ளியில் படித்தேன். விசிறிச் சிப்பியில் (ஸ்காலப்) அப்படியில்லை என்கிறார் எங்கள் பேராசிரியை. அப்படியானால் அங்கே எது முடுக்குகிறது?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: பேராசிரியை சொன்னது சரி. தசையைச் சுருக்கும் புரதங்கள் இரண்டு: ஆக்டினைத் தண்டவாளம் என்றும், மயோசினை அதில் ஓடும் எஞ்சின் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நம் எலும்புத் தசையில் தடை தண்டவாளத்தின் மேல் கிடக்கிறது. கால்சியம் வந்து ட்ரோபோனினில் ஒட்டியதும், தடையாகக் கிடக்கும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் நகர்ந்து வழிவிடும். விசிறிச் சிப்பியில் தடை எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது; கால்சியம் நேராக மயோசினில்தான் ஒட்டும். 1970-இல் கெண்ட்ரிக்-ஜோன்ஸ், லேமன், சென்ட்-ஜியார்ஜி ஆகிய மூவரும் இதை வெளியிட்டார்கள். (இந்தச் சென்ட்-ஜியார்ஜியின் முதற்பெயர் ஆண்ட்ரூ. 1937-இல் நோபல் பரிசு வாங்கிய ஆல்பர்ட் வேறு. தேர்வுத்தாளில் பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான்.) சிப்பியிலும் ட்ரோபோனின் உண்டு; ஆனால் முதன்மைச் சாவி அதனிடம் இல்லை.

கேள்வி: மயோசினில் சரியாக எந்த இடத்தில் கால்சியம் உட்காருகிறது?
– அதே வாசகி

பதில்: மயோசினின் இரண்டு கனச் சங்கிலிகளும் (பெரிய புரதச் சங்கிலிகள்) வால்பகுதியில் கயிறுபோல முறுக்கிக்கொண்டு, மேலே இரண்டு தலைகளாகப் பிரிகின்றன. ஒவ்வொரு தலைக்கும் கீழே கழுத்து. அது ஒரே ஒரு நீண்ட ஆல்பா சுருள். துணையில்லாமல் அது துவண்டுவிடும் என்பதால் இரண்டு இலகுச் சங்கிலிகள் (சிறிய புரதச் சங்கிலிகள்) அதைச் சுற்றிப் பற்றியிருக்கின்றன. தலையை ஒட்டியிருப்பது ‘அத்தியாவசிய’ சங்கிலி. வாலை ஒட்டியிருப்பது ‘ஒழுங்குபடுத்தும்’ சங்கிலி.

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழும் ஆர்கோபெக்டன் இர்ரேடியன்ஸ் என்ற சிப்பியின் மயோசினிலிருந்து இந்தக் கழுத்தை மட்டும் கிளாஸ்ட்ரிபெயின் நொதியால் வெட்டியெடுத்துப் படிகமாக்கினார்கள். 1994-இல் 2.8 ஆங்ஸ்ட்ராம் (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு ஒரு ஆங்ஸ்ட்ராம்) துல்லியத்திலும், 1996-இல் 2.0 ஆங்ஸ்ட்ராமிலும் அமைப்பு கிடைத்தது.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கால்சியம் இருப்பது ஒழுங்குபடுத்தும் சங்கிலியில் அல்ல, அத்தியாவசியச் சங்கிலியின் முதல் வளையத்தில். ஒழுங்குபடுத்தும் சங்கிலியில் இருப்பது மெக்னீசியம். ஆனாலும் அந்தக் கால்சிய வளையம் தனியே நின்று வேலை செய்யாது. கனச் சங்கிலியும் ஒழுங்குபடுத்தும் சங்கிலியும் இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்தால்தான் கால்சியத்தைப் பிடிக்கும் வடிவத்தில் நிற்கும். ஒழுங்குபடுத்தும் சங்கிலியின் 117-ஆவது அமினோ அமிலமான கிளைசின் அந்த முட்டில் இருக்கிறது. கிளைசினின் பக்கக்கிளை வெறும் ஒரு ஹைட்ரஜன். அதனால் இடுக்கில் நெருங்கி அமர முடிகிறது. அந்த இடத்தில் பெரிய கிளையுள்ள அமினோ அமிலத்தை வைத்தால் கால்சியக் கட்டுப்பாடே போய்விடும்.

புரதங்களின் அமைப்புகளை இணையத்தில் சேர்த்துவைத்திருக்கும் புரதத் தரவு வங்கியில் ‘1டபிள்யூடிசி’ (1WDC) என்ற குறியீட்டைத் திறந்து மூன்று சங்கிலிகளுக்கும் மூன்று நிறம் கொடுங்கள். அயனிகளை உருண்டையாகக் காட்டச் சொல்லுங்கள். மூன்று நிறமும் ஒன்றையொன்று உரசும் இடத்துக்குப் பக்கத்திலேயே கால்சியம் தெரியும்.

கேள்வி: சிப்பி மயோசினைப் பிரித்தெடுத்தேன். கால்சியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏடிபி (தசையின் எரிபொருள்) ஒரே வேகத்தில் சிதைகிறது. எங்கே தவறு?
– ஆய்வு மாணவர், கொச்சி

பதில்: கால்சியத்தை நீக்க எதைப் போட்டீர்கள்? ஈடிடிஏ (உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருள்) என்றால் தவறு அங்கேதான். அது மெக்னீசியத்தையும் இறுகப் பற்றும். மெக்னீசியம் போனால் ஒழுங்குபடுத்தும் சங்கிலியும் கழன்றுவிடும். குளிரில் பாதி கழலும், சூடு ஏறினால் மிச்சமும் போகும். பிறகு மயோசின் எப்போதும் ‘ஆன்’ நிலையிலேயே நிற்கும். அதே வகையான ஈஜிடிஏ பயன்படுத்துங்கள், அது மெக்னீசியத்தை அநேகமாக விட்டுவிடும். கழுவும் கரைசல் எல்லாவற்றிலும் 1 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு இருக்கட்டும்.

ஒரு குழாயில் 0.1 மில்லிமோலார் ஈஜிடிஏ, இன்னொன்றில் அதோடு 0.2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு வைத்து அளந்து பாருங்கள். நல்ல மாதிரியில் முதல் குழாயின் வேகம் இரண்டாவதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும்.

சங்கிலி கழன்றதா என்று, புரதங்களை அளவுப்படி பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் தேடினால் ஏமாறலாம். இரண்டு இலகுச் சங்கிலிகளும் ஒட்டி ஒட்டி ஓடும். யூரியா ஜெல்லில் தனித்தனியாகப் பிரியும். கழன்றிருந்தாலும் மாதிரியைக் கொட்டிவிடாதீர்கள். சுத்தமான ஒழுங்குபடுத்தும் சங்கிலியை மெக்னீசியத்தோடு சேர்த்தால் கட்டுப்பாடு திரும்பிவிடும்.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. பப்பெயின் நொதியால் வெட்டிய ஒற்றைத் தலையில் சோதித்தால் கட்டுப்பாடு தெரியாது. இரண்டு தலையும் வாலின் ஒரு துண்டும் வேண்டும். அடுத்தது, தசையை வெட்டிய விதம். சிப்பியின் இரண்டு ஓடுகளையும் மூடும் தசையில், ஓரளவு ஒளி ஊடுருவும் பெரிய பகுதிதான் வரித்தசை. ஓரத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் துண்டைக் கத்தியால் அகற்றிவிடுங்கள். அதிலிருந்து பாராமயோசின் என்ற வேறொரு தசைப் புரதம் நிறைய வந்து கலக்கும்.

கேள்வி: மட்டி மணிக்கணக்கில் மூடியே கிடக்கிறதே, களைக்காதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அது வேறு வகைத் தசை. அசிடைல்கோலின் என்ற நரம்பு வேதிப்பொருள் பட்டதும் சுருங்கும். பின்பு கால்சியம் குறைந்தாலும் இறுக்கம் மட்டும் அப்படியே நிற்கும், ஏடிபி செலவு மிகக் குறைவு. அதனால் களைப்புக்கு இடமில்லை. தடிமனான பாராமயோசின் இழைகள் பெருவிசையைத் தாங்குகின்றன. இறுக்கத்தைப் பூட்டி வைப்பதில் ட்விட்சின் என்ற புரதத்துக்குப் பங்குண்டு. செரோடோனின் என்ற இன்னொரு நரம்பு வேதிப்பொருள் வந்ததும் ட்விட்சினில் பாஸ்பேட் ஏறும், பூட்டு விலகும்.

கேள்வி: எனக்கு இறால் ஒவ்வாமை. மட்டி சாப்பிடலாமா? நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடுமா?
– வாசகி, சென்னை

பதில்: வேகவைப்பதை நம்பாதீர்கள். பெரும்பாலும் ஒவ்வாமை தருவது ட்ரோபோமயோசின். 284 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு சுருள்கள் பின்னிய கயிறு அது. கொதிக்கும் நீரில் பிரிந்தாலும் ஆறியதும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். இறாலின் ட்ரோபோமயோசினும் மட்டியுடையதும் ஓரளவு ஒத்தவை. அதனால் சிலருக்கு இரண்டும் ஒத்துக்கொள்ளாது, சிலருக்கு இறால் மட்டுமே. உங்களுக்கு எது என்று ஒவ்வாமை மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். அதுவரை மட்டியைத் தொடாதீர்கள்.