சூப்பர்வைசர் சிரிக்கலாமா?

ஐயா, வணக்கம். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பல வருடமாக ஷூவின் மேல்பாகம் (அப்பர்) தைத்துவந்தேன். இப்போது என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள். பயிற்சி வகுப்பில், 'நீங்கள்தான் முன்மாதிரி, எப்போதும் சிரித்த முகமாக இருங்கள்' என்றார்கள். ஷிப்மெண்ட் நெருங்கும்போது சிரித்துப் பேசினால், "உனக்கு இன்னாக்கா, சும்மா நின்னுனு கீற" என்கிறார்கள். சிரிக்காவிட்டால், பதவி வந்ததும் மாறிவிட்டேனாம். என்ன செய்வது? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள சகோதரி,

'சும்மா நின்னுனு கீற' என்று சொன்ன பெண்ணிடம் நியாயம் இருக்கிறது. அவள் உட்கார்ந்து தைக்கிறாள், நீங்கள் நிற்கிறீர்கள். பீஸ் தேங்கும் மிஷினில் கொஞ்ச நேரம் நீங்களே உட்காருங்கள். உங்கள் கைவேகம் அவர்களுக்குத் தெரியும், அதை மறக்க விடாதீர்கள்.

ஆனால் நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்துவிடவும் கூடாது. பீஸ் ஏன் தேங்குகிறது என்று பார்ப்பதுதான் இப்போது உங்கள் வேலை. தோலின் ஓரத்தைச் சரியாகச் சீவாமல் அனுப்பினால் மடிப்பு தடித்துவிடும், தையல் கோணும், திட்டு வாங்குவது தைத்தவள். அப்போது ஓரம் சீவும் ஸ்கைவிங் பக்கம் போய் உங்கள் லைனுக்காகச் சண்டை போடுங்கள். சிரித்த முகத்தைவிட அதைத்தான் அவர்கள் கவனிப்பார்கள்.

முன்மாதிரி என்றதும் எனக்கு நினைவு வருபவர், வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் இருந்த டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. முதலில் அவரும் மனம் உடைந்துதான் போனார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மறுவாழ்வு மருத்துவம் படிக்க நியூயார்க் போய் வந்து, சிஎம்சியில் அந்தத் துறைக்கே தலைவரானார். 'தைரியமாக இரு' என்று அவர் சொன்னால் அதற்கு ஒரு எடை இருந்திருக்கும். முதுகுத்தண்டில் அடிபட்டுப் படுத்திருக்கிறவரிடம் அதையே நானும் நீங்களும் சொன்னால் அடிக்க வருவார்.

சரி, சிரிப்புக்கு வருவோம். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் வேலூரை நாமே கிண்டல் செய்வோம். 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து சாமி ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பியே விட்டார், ஆனாலும் கிண்டல் நிற்கவில்லை. (பாலாற்றில் எப்போதாவது வெள்ளம் வந்தால் பாலத்தில் நின்று செல்பி எடுக்கிறோம்.) நம்மை நாமே கேலி செய்துகொள்வதால் யாருக்கும் உறுத்துவதில்லை. லைனிலும் அப்படித்தான். உங்களைக் கேலி செய்துகொள்ளுங்கள், டார்கெட் போர்டைக் கேலி செய்யுங்கள். மெதுவாகத் தைக்கிற பெண்ணை மட்டும் வேண்டாம், அவளே சிரித்தாலும்.

ஓவர்டைம் சொல்லும்போது சிரிக்கவே வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே நேராகச் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும், பிள்ளையை யார் கூப்பிட்டு வருவது என்று ஏற்பாடு செய்ய வேண்டும், கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிய வேண்டும். சாயங்காலம் மிஷினை அணைக்கப் போகிறவர்களிடம் சொன்னால், நீங்கள் எவ்வளவு இனிமையானவராக இருந்தாலும் கோபம்தான் வரும். அப்புறம், சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் நீங்களும் எழுதி வையுங்கள். சம்பளத்தன்று யாருக்காவது குறைந்தால், அந்த நோட்டோடு ஆபீசுக்கு முதலில் போக வேண்டியது நீங்கள்தான்.