முன் இருக்கை சாயும்போது

கேள்வி: 70 வயதைத் தொட்ட என் அம்மாவை முதன்முறையாக விமானத்தில் சென்னையிலிருந்து தில்லிக்கு, தம்பி வீட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மா காபி குடித்துக்கொண்டிருந்தபோது முன்னால் இருந்தவர் இருக்கையைச் சடாரென்று சாய்த்தார். காபி முழுவதும் அம்மாவின் மடியில் கொட்டிவிட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அம்மாவோடு இடம் மாற்றி உட்கார்ந்து, அவர் இருக்கையை முழங்காலால் இடித்துக்கொண்டே வந்தேன். அவர் எழுந்து கத்த, நானும் கத்த, பணிப்பெண் வந்து விலக்கிவிட்டார். இறங்கும்போது, பெல்ட் விளக்கு அணைவதற்குள் எல்லோரும் எழுந்து முண்டியடித்தார்கள். யாரோ இழுத்த பை அம்மாவின் தோளில் விழுந்தது. "இனிமேல் எனக்கு ரயிலே போதும்" என்கிறார் அம்மா. என் கணவரோ, தவறு என்மேல்தான் என்கிறார். அடுத்த மாதம் திரும்பி வர வேண்டும். நான் செய்தது தவறா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அம்மாவின் மடிதான். சுடு காபி கொட்டியிருக்கிறது. அந்த மனிதர் எழுந்து "ஐயோ, பார்க்கவில்லை அம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் எனக்குக் கடிதமே எழுதியிருக்கமாட்டீர்கள். அவர் செய்தது தவறு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இருக்கையைச் சாய்க்க அவருக்கு உரிமை உண்டு. பொத்தான் வைத்திருப்பதே சாய்ப்பதற்குத்தான். ஆனால் சாதாரண வகுப்பில் ஓர் இருக்கைக்கும் அடுத்ததற்கும் பெரும்பாலும் 28 முதல் 31 அங்குலம்தான். இருக்கையின் கனமும் அதற்குள் அடக்கம். பின்னால் இருப்பவர் தட்டை விரித்துச் சாப்பிடும்போது அந்த இடத்தில் இரண்டு அங்குலம் குறைந்தாலும் கோப்பை கவிழும். அதனால்தான் உணவு கொடுக்கும் நேரத்தில் இருக்கையை நிமிர்த்தச் சொல்வது பல விமானங்களில் வழக்கம்.

ரயிலில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். நடுப் படுக்கையை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை விரித்துக்கொள்ளலாம் என்பது விதி. ஆனாலும் மணி பத்தடித்ததும் யாரும் சட்டென்று தூக்கி மாட்டிவிடுவதில்லை. "படுக்கலாமா? சாப்பிட்டு முடித்துவிட்டீர்களா?" என்று கேட்கிறோம். கீழே இருப்பவர் டிபன் டப்பாவை மூடி, துண்டை உதறி, எழுந்து வழிவிடுகிறார். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், முகம் தெரிகிறது. விமானத்தில் முன்னால் இருப்பவரின் உச்சந்தலைதான் தெரியும், அவருக்கு நாம் இருப்பதே தெரியாது. நல்ல மனிதர்கள்கூட அங்கே மரியாதை குறைந்து நடப்பதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

ஒருமுறை எனக்கு முன்னால் இருந்த பெரியவர் பொத்தானைத் தொடுவதற்கு முன் இரண்டு இருக்கைகளின் இடுக்கு வழியாகத் திரும்பிப் பார்த்தார். என் தட்டில் பாதி உப்புமா இருந்தது. "முதுகு வலிக்கிறது, சாப்பிட்டு முடித்ததும் சொல்லுங்கள்" என்றார். வேகமாகச் சாப்பிட்டுவிட்டு, தட்டை மடித்து, நானே அவர் தோளைத் தட்டிச் சொன்னேன். அதன்பிறகு அவர் முழுதாகச் சாய்ந்து தூங்கினார். எனக்கு இடம் குறைந்ததுதான், ஆனால் ஒரு துளிகூட எரிச்சல் வரவில்லை.

இப்போது உங்கள் முழங்காலுக்கு வருகிறேன். கணவர் சொன்னதில் பாதி சரி. காபி கொட்டிய அந்த நொடியில் நியாயம் முழுவதும் உங்கள் பக்கம் இருந்தது. "ஐயா, அம்மாமேல் காபி கொட்டிவிட்டது, இருக்கையைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள்" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். கேட்டும் அசையவில்லை என்றால் மேலே இருக்கும் அழைப்புப் பொத்தானை அழுத்தியிருக்கலாம். இடம் மாறி உட்கார்ந்து இடிக்கத் தொடங்கியதும், அந்த நியாயம் உங்கள் கையைவிட்டுப் போய்விட்டது. அம்மாமேல் காபி கொட்டியது அவருக்குத் தெரியுமா என்பதுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. அவருக்குத் தெரிந்தது முதுகில் விழுந்த இடி மட்டுமாக இருக்கலாம்.

சட்டமும் விளையாட்டில்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017-இல் கொண்டுவந்த விதிகள் பயணிகளின் அத்துமீறலை மூன்று நிலைகளாகப் பிரித்தன. வாய்ச் சண்டைக்கு மூன்று மாதம் வரையும், தள்ளுவது, உதைப்பது போன்றவற்றுக்கு ஆறு மாதம் வரையும், உயிருக்கு ஆபத்தான செயல்களுக்கு இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் பறக்கத் தடை என்று வகுத்தன. அந்தப் பணிப்பெண் விலக்கிவிட்டதோடு விட்டதற்கு நன்றி சொல்லுங்கள்.

இறங்கும்போது நடந்த முண்டியடிப்புதான் எனக்கு இன்னும் அதிகமாக வருத்தம் தருகிறது. ஓடுபாதையிலிருந்து நகரும் விமானம் எந்த நொடியும் பிரேக் போடலாம். தலைக்கு மேல் ஏழு கிலோ பையோடு நிற்பவர் அப்போது யார்மேல் விழுவார்? 2024 ஜனவரி 2 அன்று தோக்கியோவின் ஹனேதா விமான நிலையத்தில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் கடலோரக் காவல் படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பணியாளர்கள் சொன்னதைக் கேட்டு, பைகளை அப்படியே விட்டுவிட்டு இறங்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். புகை சூழ்ந்த நேரத்தில் அவர்களால் முடிந்தது, தில்லியில் கதவு திறக்கப் பத்து நிமிடம் காத்திருக்க நம்மால் முடியாதா?

திரும்பி வரும் பயணத்துக்குக் கொஞ்சம் கூடுதல் கட்டணம் கொடுத்தாவது முதல் வரிசையில் இடம் கேளுங்கள். முன்னால் இருக்கையே இருக்காது. கைப்பையை மட்டும் மேலே வைக்க வேண்டியிருக்கும். மாத்திரையையும் கண்ணாடியையும் அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். அந்த இடம் கிடைக்காவிட்டால் அம்மாவை ஜன்னலோரம் உட்காரவையுங்கள், மேலிருந்து எடுக்கும் பைகள் அங்கே அவர்மேல் விழாது. ஏறியதும் முன்னால் இருப்பவரிடம், "அம்மாவுக்கு இது இரண்டாவது பயணம்தான், சாய்க்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கும்போது காது அடைத்தால் சப்ப இரண்டு மிட்டாய் போதும். எல்லோரும் போனபிறகு நிதானமாக எழுந்திருங்கள்.

ரயிலே போதும் என்று அம்மா சொல்வதற்குப் பின்னால், கோப்பையைத் தான்தான் சரியாகப் பிடிக்கவில்லையோ என்ற கூச்சம் இருக்கலாம். தன்னால் மகள் சண்டை போட்டாள் என்ற வருத்தமும் இருக்கலாம். டிக்கெட் எடுப்பதற்கு முன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்மேல் ஒரு தவறும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் முழங்காலைப் பற்றியும் சொல்லிவிடுங்கள்.