ரயில் பெட்டியில் நடந்தாலும் அது ராகிங்தான்

வாசகர் கேள்வி – பதில்

(வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களில் கல்லூரி ராகிங் பற்றியவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில். கேட்டவர்களின் பெயரையும் கல்லூரிகளின் பெயரையும் நீக்கிவிட்டோம்.)

என் மகன் பி.காம். முதலாண்டு. தினமும் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் போய் வருகிறான். 'ரூட்டு'ப் பசங்க (ஒரே தடத்தில் வந்துபோகும் மாணவர் கும்பல்) பெட்டிக்குள் கானா பாடச் சொல்கிறார்கள், பையைத் தூக்க வைக்கிறார்கள், படியில் தொங்கச் சொல்கிறார்கள். 'பஸ் டே' என்று மாணவர்கள் நடத்தும் கொண்டாட்டத்துக்காக 500 ரூபாயும் கேட்டிருக்கிறார்கள். கல்லூரியில் போய்ச் சொன்னால், "கேட்டுக்கு வெளியே நடப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்கிறார்கள். அப்படித்தானா? – ஒரு தாய், எண்ணூர்

இல்லை அம்மா, அவர்கள் சொல்வது தவறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2009 ராகிங் தடுப்பு விதிமுறைகள் வகுப்பறை, விடுதி, மைதானத்தோடு நிற்கவில்லை. மாணவர்கள் படிப்புக்காகப் போய்வரும் வாகனங்கள், அரசுடையதோ தனியாருடையதோ, எல்லாமே அதற்குள் அடங்கும். தமிழ்நாட்டின் 1997 ராகிங் தடைச் சட்டமும் 'நிறுவனத்துக்கு உள்ளேயோ வெளியேயோ' என்றுதான் சொல்கிறது. பணம் கேட்டு நெருக்குவது, கட்டாயச் செலவு வைப்பது இரண்டும் விதிமுறையிலேயே ராகிங் என்று எழுதப்பட்டவை. ஓடும் ரயிலின் படியில் தொங்கவிடுவதோ உயிரோடு விளையாடுவது. அதைக் கிண்டல் கணக்கில் சேர்க்கவே கூடாது.

ஆகவே கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எப்படி எழுதுவது என்பது அடுத்த பதிலில் இருக்கிறது. காவல் புகாரில் ஒரு குழப்பம் வழக்கமாக வருகிறது. ரயில் பெட்டியிலும் நடைமேடையிலும் நடப்பது தமிழ்நாடு ரயில்வே போலீஸின் எல்லை. பெற்றோர் வீட்டருகே உள்ள காவல் நிலையத்துக்குப் போகிறார்கள், அங்கே "இது எங்க லிமிட் இல்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள், அலைச்சலிலேயே மனம் விட்டுப்போகிறது. உங்கள் தடத்துக்குக் கொருக்குப்பேட்டை ரயில்வே காவல் நிலையத்தை அணுகுங்கள். குற்றமாக வழக்குப் பதியத்தக்க புகார் என்றால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எந்த நிலையமும் எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. முதல் தகவல் அறிக்கையைப் பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டியது அவர்கள் வேலை.

வண்டியில் இருக்கும்போதே உதவி தேவைப்பட்டால் 139, அல்லது ரயில்வே போலீஸின் 1512. மகனிடம் ஒன்றைப் பழக்குங்கள்: வண்டி புறப்பட்ட நேரம், முன்பக்கத்திலிருந்து எத்தனையாவது பெட்டி, எந்த நிலையத்துக்கும் எந்த நிலையத்துக்கும் இடையே நடந்தது என்பதை அன்றே குறித்துவைக்க வேண்டும். "திருவொற்றியூர் தாண்டி, தண்டையார்பேட்டைக்கு முன்" என்று இருந்தால் எந்த நிலையத்துக் கேமராவைப் பார்ப்பது என்று தெரியும். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். அதனால் கேமரா பதிவைப் பாதுகாக்கும்படி புகாரிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

"வேற ரயில்ல போகட்டுமே" என்று சிலர் சொல்வார்கள். ஒரு வாரம் பாதுகாப்புக்காக அப்படிப் போகலாம். அதையே தீர்வாக்கினால் தண்டனை உங்கள் பையனுக்குத்தான்.

ராகிங் பற்றித் துறைத் தலைவரிடம் நேரில் சொல்லி இரண்டு வாரம் ஆகிறது. "பார்த்துக்கலாம்" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. – இரண்டாமாண்டு மாணவர், வியாசர்பாடி

வாயால் சொன்ன புகாருக்குத் தேதி கிடையாது, தம்பி. உங்களுக்குச் சாதகமான காலக்கெடு எல்லாம் தேதியை வைத்துத்தான் ஓடுகின்றன. யு.ஜி.சி. விதிமுறைப்படி, தகவல் வந்ததும் அது தண்டனைச் சட்டத்துக்குள் வருகிறதா என்று கல்லூரித் தலைவர் உடனே முடிவு செய்ய வேண்டும். வந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் துறையில் புகார் பதிய வேண்டும். போலீஸ் விசாரணைக்குக் காத்திராமல் கல்லூரி தன் நடவடிக்கையை 7 நாளுக்குள் முடிக்க வேண்டும். உங்களிடம் முத்திரையோடு ஒரு நகல் இருந்தால்தான் இந்த 24 மணியும் 7 நாளும் என்று தொடங்கின என்பதை நிரூபிக்க முடியும்.

எனவே முதல்வருக்கு எழுதுங்கள். நகல், ராகிங் தடுப்புக் குழுவுக்கு. பொருள் என்ற இடத்தில் 'ராகிங் புகார்' என்றே இருக்க வேண்டும். அந்தச் சொல் இல்லையென்றால் கடிதம் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போய், "இரு தரப்பு மாணவர் மோதல்" என்று மாறி, கடைசியில் உங்களுக்கும் சேர்த்து சஸ்பென்ஷன் வரும். இது அடிக்கடி நடக்கிற விபரீதம்.

உள்ளே: நாள், நேரம், இடம், செய்தவர்களின் பெயர் அல்லது ஆண்டும் பிரிவும் அடையாளமும், பார்த்தவர்கள் யார், உங்களுக்கு நேர்ந்தது என்ன. "தொல்லை கொடுத்தார்கள்", "கேவலமாகப் பேசினார்கள்" என்றெல்லாம் எழுதாதீர்கள். அவர்கள் சொன்ன சொல்லை, கூச்சமாக இருந்தாலும், அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால் அந்தச் சொல் மிக முக்கியம். யு.ஜி.சி. விதிமுறையில் வந்த 2016 திருத்தத்துக்குப் பிறகு சாதி, மதம், நிறம், பாலினம், தோற்றம், மொழி, ஊர், வீட்டின் பொருளாதார நிலை ஆகியவற்றை வைத்துத் துன்புறுத்துவது ராகிங் என்று விதிமுறையிலேயே இருக்கிறது. நீங்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடி மாணவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர வாய்ப்பு உண்டு. "ஏரியா பையன்" என்று வடசென்னைப் பிள்ளைகளை மட்டம் தட்டுவதும் ஊரை வைத்துச் செய்யும் அவமதிப்புதான். நீங்கள் முதலாண்டு இல்லையே என்றும் தயங்க வேண்டாம். எந்த மாணவருக்கு நடந்தாலும் விதி பொருந்தும்.

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரை, தேதி, கையெழுத்து வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அன்றே கல்லூரியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, ஸ்பீடு போஸ்டிலும் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டிருந்தால் புகாருக்கு முன் மருத்துவமனை. ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையில் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார், 'ஏ.ஆர். காப்பி' என்பது அதுதான். பயத்தில் பலர் "மாடிப்படியில் விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். பிற்பாடு எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த ஒரு வரியைத்தான். எத்தனை பேர், எதனால், எங்கே அடித்தார்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

1996 நவம்பரில் மருத்துவ மாணவர் நாவரசு கொலையான அதிர்ச்சியில் பிறந்தது தமிழ்நாட்டுச் சட்டம். அதன் 4ஆம் பிரிவில் ராகிங் செய்தவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். 7ஆம் பிரிவைப் பலரும் கவனிப்பதில்லை: புகார் வந்தும் நடவடிக்கை எடுக்கத் தவறும் கல்லூரித் தலைவர் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார், அவருக்கும் அதே தண்டனைதான். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இந்தப் பிரிவை மரியாதையாகக் குறிப்பிடுங்கள்.

கூடவே 1800-180-5522 என்ற கட்டணமில்லா ராகிங் தடுப்பு உதவி எண்ணிலும் சொல்லுங்கள், 24 மணி நேரமும் உண்டு. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) இல்லாமல் வெளியே வராதீர்கள். அந்த ரசீது வழக்குப் பதிவு ஆகாது என்பதும் நினைவிருக்கட்டும். பதிய மறுத்தால் துணை ஆணையருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அரசு, உதவிபெறும் கல்லூரி என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, "என் புகார் மீது எடுத்த நடவடிக்கை என்ன" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

விடுதியில் இருக்கிறேன். சீனியர் அக்காக்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டு, இரவு 12 மணிக்கு ரெக்கார்டு எழுதச் சொல்கிறார்கள். வெளியேறினால் யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு. பெயர் வெளியே தெரிந்தால் விடுதியில் இருக்க முடியாது. – முதலாண்டு மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

தன் படிப்பு வேலையை ஜூனியர் தலையில் கட்டுவது விதிமுறையில் பெயர் சொல்லியே தடுக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய வாட்ஸ்அப் குழுக்களைக் கண்காணித்து ராகிங்காகவே கருதும்படி கல்லூரிகளுக்கு 2025-இல் யு.ஜி.சி. அறிவுறுத்தியது.

இப்போது குழுவை விட்டு வெளியேற வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம். செய்திகளைக் குழுப் பெயர், அனுப்பியவர் எண், நேரம் மூன்றும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, 'எக்ஸ்போர்ட் சாட்' மூலம் முழு உரையாடலையும் வீட்டில் ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். 'மறையும் செய்தி' போட்டிருந்தால் அன்றன்றே எடுக்க வேண்டும். வழக்கு வந்தால் அசல் போனைக் கேட்பார்கள், அதை விற்றுவிடாதீர்கள்.

தகவல் தருபவரின் அடையாளத்தைக் காக்க வேண்டும் என்றும், சொன்ன காரணத்துக்காக அவருக்குக் கெடுதல் வரக் கூடாது என்றும் விதி இருக்கிறது. உதவி எண்ணில் பேசும்போதே பெயரைக் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று கேளுங்கள். பெயரில்லாத புகாரில் விவரம் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் திரும்பக் கேட்க ஆள் இருக்காது. எந்த மாடி, எந்த அறை, இரவு எத்தனை மணி என்று இருந்தால் கல்லூரியின் ராகிங் தடுப்புப் படை நேராக அங்கே வந்து நிற்கலாம். உங்கள் தகவல்தான் என்று யாருக்கும் தோன்றாது.

உங்களுக்கு 18 நிறைந்துவிட்டதா? முதலாண்டில் பலருக்கு 17தான். அந்த வயதில் உடை, உடல் சம்பந்தமான அத்துமீறல் ஏதும் நடந்தால் போக்சோ சட்டம் வந்துவிடும். தெரிந்த வார்டனும் மறைக்க முடியாது. தூக்கம் வராமல் மனம் உடைந்துபோனால் 14416-க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.

சேர்க்கையின்போது நானும் மகளும் ஆன்லைனில் கொடுத்த ராகிங் தடுப்பு உறுதிமொழி வெறும் காகிதம்தானே? – தண்டையார்பேட்டை

இல்லை. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டியது அது. "விதி தெரியாது" என்று பிறகு யாரும் சொல்ல முடியாமல் செய்வது அதுதான். பிரவுசிங் சென்டரில் கொடுத்தால் உங்கள் சொந்தக் கைபேசி எண்ணையே போடச் சொல்லுங்கள், கடைக்காரர் எண் வேண்டாம்.

என் மகன் பெயரும் புகாரில் வந்துவிட்டது. அவன் அடிக்கவில்லை, நின்று கொண்டிருந்தான். ஏரியாப் பெரியவர்களை வைத்து அந்தப் பையன் வீட்டில் பேசி முடிக்கலாமா? – ஒரு தந்தை, காசிமேடு

போகாதீர்கள் ஐயா. நல்லெண்ணத்தில் பத்துப் பேரோடு போனாலும் அந்த வீட்டுக்கு அது மிரட்டல். சாட்சியை மிரட்டியதாக இன்னொரு பிரிவும் சேரலாம். அவர்கள் எழுதிக்கொடுக்கும் சமாதானக் கடிதத்தால் கல்லூரி விசாரணையோ காவல் வழக்கோ தானாக நின்றுவிடாது.

சும்மா நின்றதற்கும், தூண்டியதற்கும் உடந்தையாக இருந்ததற்கும் வேறுபாடு உண்டு. அதைச் சொல்லும் இடம் விசாரணைக் குழு. மகன் எங்கே நின்றான், யார் அழைத்தார்கள், தடுத்தானா, வீடியோ எடுத்தானா, எடுத்ததை யாருக்கு அனுப்பினான் என்பதை உள்ளபடி எழுதிக் கொடுக்கட்டும். சேர்ந்து நின்ற நண்பர்களோடு கூடி ஒரே மாதிரி எழுதினால் குழுவுக்கு உடனே தெரியும், இருக்கிற நம்பிக்கையும் போகும். போனில் எதையும் அழிக்கவிடாதீர்கள்.

கல்லூரி தரும் தண்டனை வகுப்புத் தடை, தேர்வுத் தடை, விடுதி நீக்கம் என்று தொடங்கி 1 முதல் 4 செமஸ்டர் வரை நீக்கம், சேர்க்கை ரத்து வரை போகும். பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் அதன் துணைவேந்தரிடம் மேல்முறையீடு செய்யலாம். நீதிமன்றத்தில் தண்டனை உறுதியானால் நிலைமை வேறு: தமிழ்நாட்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி படிக்கும் கல்லூரியிலிருந்து நீக்கம், பிறகு வேறெந்தக் கல்விநிலையத்திலும் சேர்க்கை இல்லை. ஆகவே வக்கீலை இப்போதே பாருங்கள். வசதி இல்லையென்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100-க்கு அழைக்கலாம். போகும்போது கல்லூரி விளக்கம் கேட்டு அனுப்பிய கடிதம், அது கைக்கு வந்த தேதி தெரியும் உறை, மகனின் பிறந்த தேதிச் சான்று மூன்றையும் எடுத்துப் போங்கள்.