இரண்டு காலத்தில் நடக்கும் கதையில் பிள்ளை குழம்பினால்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகள் தரம் 7. ஆங்கிலம் நன்றாக வாசிப்பாள். விருது பெற்ற நாவல் என்று 'மூன் ஓவர் மேனிஃபெஸ்ட்' வாங்கிக் கொடுத்தேன். கதை 1936க்கும் 1918க்கும் மாறி மாறிப் போவதால் குழம்பி, மூடிவைத்துவிட்டாள். பழைய காலத்துப் பகுதிகளை மட்டும் முதலில் சேர்த்து வாசிக்கச் சொல்லலாமா?"

வேண்டாம். அப்படிப் பிரித்தால் மர்மம் அங்கேயே செத்துவிடும். கிளேர் வாண்டர்பூல் எழுதிய இந்த நாவலுக்கு 2011இல் அமெரிக்கச் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் கிடைத்தது. 12 வயது அபிலீனை அவளுடைய அப்பா அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் மேனிஃபெஸ்ட் என்ற சுரங்க ஊருக்கு அனுப்பிவிடுகிறார். அந்த ஊருக்கும் அப்பாவுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் அவள் தேடும் பதில். மிஸ் சேடி என்ற முதிய பெண் பழைய கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொல்கிறாள். அபிலீனுக்குத் தெரியும்போதுதான் நமக்கும் தெரியவேண்டும். அவளோடு சேர்ந்து காத்திருப்பதில்தான் ருசி.

பிள்ளைகள் குழம்புவது ஆண்டுகளை மனதில் வைக்கப் பார்ப்பதால். ஆண்டுகளை விட்டுவிட்டு, பொருட்களைப் பின்தொடரச் சொல்லுங்கள். தரைப்பலகைக்கு அடியில் அபிலீன் ஒரு சுருட்டுப் பெட்டியைக் கண்டெடுக்கிறாள். உள்ளே பழைய கடிதங்கள், ஒரு தக்கை, தூண்டிலில் மாட்டும் போலி இரை, வெள்ளி டொலர், சாவி, குட்டிப் பொம்மை. கடிதங்களை விட்டுவிட்டு, மற்ற ஐந்து பொருட்களையும் மகளின் கொப்பியில் வரையச் சொல்லுங்கள். மிஸ் சேடியின் கதைக்குள் ஒவ்வொன்றும் தலைகாட்டும்போது பக்க எண்ணைக் குறிக்கட்டும். என் வாசிப்பு வகுப்பில் ஒரு பையன் தக்கை வந்த பக்கத்தில் கதிரையை விட்டே எழும்பிவிட்டான். அதற்குப் பிறகு அவனுக்கு எந்த ஆண்டு என்ற குழப்பம் வரவில்லை.

இன்னொன்று, சின்னக் கணக்கு. 1936இல் 12 வயது என்றால் 1918இல் அபிலீன் பிறக்கவே இல்லை. ஆனால் அவளுக்கு இடம்கொடுக்கும் ஷேடி ஹோவர்ட் இரண்டு காலத்திலும் வருகிறார். "18 வருடத்துக்கு முன் இவர் எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டுப் பாருங்கள். அவளே தேட ஆரம்பிப்பாள்.

வரலாற்றுப் பின்னணிக்குப் பெரிய பாடம் தேவையில்லை. 1918இல் முதல் உலகப் போர், அதோடு ஸ்பானியக் காய்ச்சல். 1936இல் அமெரிக்காவில் பொருளாதார வீழ்ச்சி, வேலையில்லாத் திண்டாட்டம். அந்தக் காய்ச்சல் நம் கொழும்பையும் விடவில்லை என்று சொல்லுங்கள். கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்திருந்த பிள்ளைக்கு அது உடனே பிடிபடும்.

மூடிய இடத்திலிருந்து தொடர வேண்டாம். முதல் சில அத்தியாயங்களை நீங்கள் உரக்க வாசித்துக் காட்டுங்கள். கடிதங்கள் வரும்போது அப்பா வாசிக்கட்டும். குரல் மாறினால் காலம் மாறியது காதுக்கே தெரியும். முடிவு உங்களுக்குத் தெரிந்தாலும், அவள் கெஞ்சிக் கேட்டாலும், வாயைத் திறக்காதீர்கள்.

அப்படியும் ஒத்துவராவிட்டால், சரி, இதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். பிரையன் செல்ஸ்னிக்கின் 'வண்டர்ஸ்ட்ரக்' கிடைக்குமா என்று கொழும்பு பொது நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அதில் 1977இல் நடப்பது எழுத்தில், 1927இல் நடப்பது படங்களில். பக்கத்தைப் புரட்டியதுமே எந்தக் காலம் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதை முடித்த கையோடு மேனிஃபெஸ்டுக்குத் திரும்பலாம்.