பிடித்த போக்கிமான் பேச்சைக் கேட்கவில்லை!

கேள்வி: என் மகன் 'போக்கிமான் ஸ்கார்லெட்' என்ற வீடியோ கேம் ஆடுகிறான். போக்கிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடித்து, அணி சேர்த்து மோதவிடும் ஆட்டம். எங்கே வேண்டுமானாலும் போகலாமாம். போன இடமெல்லாம் தோற்றுவிட்டு அழுகிறான். கஷ்டப்பட்டுப் பிடித்த போக்கிமானும் சொல்பேச்சு கேட்பதில்லை. ஆட்டமே பழுதா? – ஒரு வாசகி

பதில்: பழுதெல்லாம் இல்லை அம்மா. 2022 நவம்பரில் வந்த இந்த ஆட்டத்தில், ஸ்பெயின் பக்கத்து நிலத்தைப் பார்த்து உருவாக்கிய பால்தியா என்ற கற்பனைப் பகுதி முழுக்கத் திறந்தே கிடக்கும். ஆனால் எதிராளியின் லெவல், அதாவது பல அளவு, உங்கள் மகனுக்காக இறங்கி வராது. லெவல் குறைந்த அணியோடு பனிமலை ஏறினால் உதைதான். எனக்கு இதில் பிடிக்காததும் இதுதான்: கதவைத் திறந்துவிட்டார்கள், உள்ளே எது காத்திருக்கிறது என்று பலகை மாட்டவில்லை.

முதலில் மெசகோசா நகரத்துக்கு மேற்கே கார்டோண்டோ ஊரின் ஜிம்முக்கு (தலைவரோடு மோதி வெல்ல வேண்டிய இடம்) அனுப்புங்கள். அங்கே பூச்சி வகைப் போக்கிமான்கள்தான். தொடக்கத்தில் ஃபியூகோகோ என்ற நெருப்பு வகைப் போக்கிமானை எடுத்திருந்தால் அதன் நெருப்பே போதும்.

சொல்பேச்சு விஷயம், ஜிம்மில் வென்றால் கிடைக்கும் பேட்ஜில் இருக்கிறது. பேட்ஜ் இல்லாதபோது, 20 லெவலுக்குள் பிடித்தவை மட்டும் பேச்சைக் கேட்கும். முதல் பேட்ஜ் கிடைத்ததும் 25. எட்டும் வாங்கினால் எல்லாம் கேட்கும். பிடித்தபோது இருந்த லெவல்தான் கணக்கு, பிறகு வளர்ந்தது அல்ல.

வழி தெரியாவிட்டால் ஆட்டத்தில் போக்கிமான்களின் காயம் ஆற்றும் போக்கிமான் சென்டரில் இருக்கும் நர்ஸிடம் கேட்கச் சொல்லுங்கள். அடுத்து எங்கே போகலாம் என்று சொல்வார். பிள்ளைகள்தான் அவரைக் காயம் ஆற்ற மட்டும் தேடுகிறார்கள்!

அப்புறம், ஹான்டர் என்ற போக்கிமானை வைத்துக்கொண்டு, அது அடுத்த வடிவமான கெங்கார் ஆகக் காத்திருந்தால் ஆகாது. நண்பனோடு மாற்றிக்கொண்டால்தான் உருமாறும்.