பல் விழவில்லையா? டோர்ச்சை எடுத்துப் பின்னால் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 7 வயதும் 4 மாதமும். இன்னும் ஒரு பல்கூட ஆடவில்லை. நிலாவெளியில் இருக்கும் அக்காவின் மகளுக்கு 6 வயதுதான். கீழே இரண்டு விழுந்து முளைத்தும் விட்டது. அவள் நல்ல மொத்தம், இவன் ஈர்க்குச்சி. "பிள்ளைக்குச் சத்துப் போதாது" என்று மாமி படுக்கப் போகும்போதும் சீனி போட்டுப் பால்மா கரைத்துக் கொடுக்கிறார். உடம்பு வைத்தால் பல் கெதியாக முளைக்குமா?
- ஒரு தாய், உப்புவெளி

பதில்: மாமி சொல்வதில் பாதி சரி. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் இதை வாசித்துக் காட்டும்போது உங்கள் வீட்டில் சண்டைதான் வரும்.

எடைக்கும் நிரந்தரப் பல் முளைப்பதற்கும் தொடர்பு உண்டு. அமெரிக்காவில் 5 முதல் 14 வயதுவரையான பிள்ளைகளைப் பார்த்தபோது, மிகவும் பருத்த பிள்ளைகளுக்கு அதே வயது மற்றப் பிள்ளைகளைவிடச் சராசரியாக ஒன்றரைப் பல் அளவு கூடுதலாக முளைத்திருந்தது. அவர்களுக்கு எலும்பு முதிர்ச்சியும் முந்திவிடும், பல்லும் அதோடு சேர்ந்து முந்துகிறது. நெடுநாள் சாப்பாடு குறைந்து வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு அது பிந்தும். ஆனால் இதெல்லாம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சேர்த்துப் பார்க்கும் கணக்கு. உங்கள் மகன் ஒருவனை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அக்காவின் மகள் பெண்பிள்ளை என்பதும் இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்குச் சில மாதம் முந்தித்தான் முளைக்கும்.

நான் உங்களிடம் கேட்க வேண்டியது வேறு. மகனுக்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டியது எத்தனையாம் மாதத்தில்? பத்து, பதினொன்று என்றால் பாற்பல்லே பிந்தித்தான் வந்திருக்கிறது; நிரந்தரப் பல்லும் பெரும்பாலும் அப்படித்தான் வரும். அவனுடைய அப்பாவுக்கு எப்போது விழுந்தது என்று மாமியிடமே கேளுங்கள். கிளினிக் பதிவேட்டில் எடைக் கோடு சீராக ஏறியிருந்தால் மெலிவைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை.

இப்போது ஒரு டோர்ச்சை எடுத்து அவன் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். பாற்பல் ஐந்துதான் இருக்கும். ஆறாவதாக ஒன்று தெரிந்தால் அது நிரந்தரக் கடைவாய்ப்பல். எந்தப் பல்லும் விழாமலே, கடைசியில் இருக்கும் வெற்று முரசில் அது சத்தமில்லாமல் முளைத்துவிடும். வழக்கமாக 6 வயதளவில் வரும்.

பாடசாலைகளில் பிள்ளைகளின் பல் பார்த்த இருபத்தாறு வருடத்தில் என்னை அதிகம் நோகடித்தது இந்தப் பல்தான். பாலையூற்றிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள், நல்ல புஷ்டி. ஐந்தரை வயதிலேயே கடைவாய் நாலும் முளைத்திருந்தது, அதில் இரண்டு கறுத்துக் குழிந்தும் விட்டது. "பாற்பல்தானே மிஸ், விழுந்து முளைக்கும்" என்றார் தாய். அவள் கையில் அப்போதும் ஒரு டொபி. எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, அது இனி விழாது, ஆயுளுக்கும் அதுதான் என்று சொன்னேன். மொத்தமான பிள்ளைகளின் பெற்றோரிடம் 5 வயதிலிருந்தே பின்னால் பார்க்கும்படி நான் சொல்வது இதனால்தான்.

சரி, பால்மா. இரவில் சீனிப்பால் குடித்துவிட்டு அப்படியே படுத்தால் இருக்கிற பல்லும் சூத்தையாகும், புதியது ஒன்றும் முந்தி வராது. பாலை ஆறு மணிக்குச் சீனியில்லாமல் கொடுக்கட்டும். உடம்பு தேற வேண்டுமென்றால் சூடை மீனும் முருங்கைக்கீரையும் முட்டையும் போதும். 8 வயதாகியும் ஒன்றும் ஆடாவிட்டால், அல்லது ஒரு பக்கம் முளைத்து ஆறு மாதமாகியும் மறுபக்கம் வராவிட்டால், பல் வைத்தியரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள்.

கேள்வி: 6 வயது மகனுக்குக் கீழ்ப் பாற்பல்லுக்குப் பின்னால் புதுப்பல் முளைத்து இரட்டை வரிசையாக நிற்கிறது. பிடுங்க வேண்டுமா?
- ஒரு தந்தை, கிண்ணியா

பதில்: முன்னால் நிற்கும் பாற்பல் ஆடுகிறதா? ஆடினால் அவனையே நாக்கால் தள்ளி ஆட்டச் சொல்லுங்கள். விழுந்ததும் நாக்கு பின்பல்லை மெல்ல முன்னுக்குத் தள்ளிவிடும். இரண்டு மூன்று மாதமாகியும் அசையாவிட்டால் காட்டுங்கள். நூல் கட்டிக் கதவில் இழுக்கும் வேலை மட்டும் வேண்டாம். விழுந்த பல்லைக் கூரையில் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.