பதில்: அறிவியல் தினத்தில் சி.வி. ராமனைக் குறை சொல்லலாமா?

வணக்கம். தேசிய அறிவியல் தினத்தன்று உங்கள் மகள் உயிர்வேதியியல் அறிஞர் கமலா சோஹோனி பற்றிப் பேசப்போகிறாள். ராமனைக் கொண்டாடும் நாளில், பெண் என்பதால் கமலாவுக்கு அவர் இடம் மறுத்ததைச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லட்டும். 1933-இல், ராமன் இயக்குநராக இருந்த பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நடந்தது அது. கமலா விடாமல் போராடியதால், ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார். அவருடைய வேலையைப் பார்த்த பிறகு மற்றப் பெண்களையும் அனுமதித்தார் ராமன். அதையும் சொல்வதுதான் நியாயம்.

ஆனால் இதற்கு ஒரு நிமிடம் போதும். எல்லோரும் இந்தக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அதுதான் எரிச்சல். கமலா கேம்பிரிட்ஜில் உருளைக்கிழங்கை ஆராய்ந்தபோது, தாவரச் செல்களிலும் சைட்டோகுரோம் சி இருப்பதைக் கண்டார். செல் சுவாசத்தில் எலக்ட்ரான்களைக் கைமாற்றிவிடும் புரதம் அது. 1939-இல் முனைவர் பட்டம். ஆய்வேடு வெறும் 40 பக்கம்! அப்புறம் நம் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் கொஞ்ச காலம், 1947-இல் திருமணமாகி பம்பாய். அங்கே நீராவின், அதாவது நம்மூர்ப் பதநீர் வகையின், சத்துகளை ஆராய்ந்து குடியரசுத் தலைவர் விருது வாங்கினார். மேடையில் பதநீர் என்று சொல்லிப் பார்க்கட்டும், கடைசி வரிசைப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள்.